மைக்கேல் டேவிஸும் எங்கள் ஊர் மலரும்

1962-ல் எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்யும் பையன்களில் நானும் ஒருவன். பூசை முழுவதும் லத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நடுநடுவே திரும்பிக் கைகளை விரித்து "தோமினுஸ் வோபிஸ்கும்" என்பார். "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்று நாங்கள் பதில் சொல்வோம். அர்த்தம் தெரியாது. உபதேசியார் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே மனப்பாடம் செய்திருந்தோம். ஒரு சொல் தப்பினாலும் பூசை முடிந்ததும் காதைத் திருகுவார்.

மூன்று நான்கு வருடங்களுக்குள் எல்லாம் மாறிவிட்டது. பூசை தமிழுக்கு வந்தது. சுவரோடு ஒட்டியிருந்த பீடத்துக்கு முன்னால் ஒரு மேசைப் பீடம் போட்டார்கள். சாமியார் எங்களைப் பார்த்து நின்றார். என் பாட்டி அதுவரை பூசை நேரம் முழுவதும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர். "இப்பத்தான்டா சாமியார் என்ன சொல்றார்னு புரியுது" என்றார். தாத்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. "புரிஞ்சு என்ன பண்ணப்போறே, பழைய பயபக்தி எங்கே" என்பார். எங்கள் வீட்டுத் திண்ணையில் இந்த வழக்கு ரொம்ப நாள் நடந்தது. தீர்ப்பு ஆகவில்லை.

இதே வழக்கை இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் நடத்தினார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். எங்கள் பங்கிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு சாமியார் தன் பழைய புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் 'கிரான்மர்ஸ் காட்லி ஆர்டர்' என்றொரு புத்தகம். எழுதியவர் மைக்கேல் டேவிஸ். நானும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். அந்த ஒட்டுதலில் படிக்க ஆரம்பித்தேன். பிறகு அவருடைய மற்றப் புத்தகங்களையும் தேடிப் படித்தேன். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. அவர் கட்சியில் நான் இல்லை. இருந்தாலும் எழுத ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

டேவிஸ் 1936-ல் சாமர்செட் பகுதியில் யோவில் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வேல்ஸ்காரர், பாப்டிஸ்ட் சபை. அம்மா ஆங்கிலேயர், ஆங்கிலிக்கன் சபை. பரம்பரைக் கத்தோலிக்கர் அல்ல. வாலிப வயதில் பட்டாளத்தில் சேர்ந்து மலேயா, சூயஸ், சைப்ரஸ் என்று போய்வந்தார். மலேயாவில் அப்போது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு ஆங்கில அரசு போரிட்டுக்கொண்டிருந்தது. நம்மவர்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த அதே தோட்டக்காடுகள்தான். 1950களில் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். பிறகு சுமார் 30 வருடம் பள்ளி ஆசிரியர். சரித்திரப் புத்தகம் எழுதுவது வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. ஆரம்பத்தில் டேவிஸ் அதை ஆதரித்தவர்தான். பிறகு வழிபாட்டில் ஒவ்வொன்றாக வந்த மாற்றங்களைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் பிறந்தது. 1969-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் புதிய பூசைப் புத்தகத்தை வெளியிட்டார். பழைய பூசை ஏறக்குறைய எல்லா ஊரிலும் நின்றுபோயிற்று.

அந்த நாட்டில் இதற்காக வருத்தப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல. 1971-ல் எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து பழைய பூசையை அழியவிடாதீர்கள் என்று பாப்பரசருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் கையெழுத்திட்டிருந்தார், அவர் யூதர். துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டியும் கையெழுத்திட்டிருந்தார்; அவர் ஆங்கிலிக்கன். லண்டன் கர்தினால் ஹீனன் கேட்டுக்கொண்டதன்பேரில், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் சில சமயங்களில் பழைய பூசை செய்யலாம் என்று அந்த நவம்பரில் அனுமதி வந்தது. பாப்பரசர் பட்டியலில் அகதா கிறிஸ்டி பெயரைப் பார்த்ததும்தான் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. அதனால் அந்த அனுமதிக்கு இன்றும் 'அகதா கிறிஸ்டி அனுமதி' என்றே பெயர்.

டேவிஸ் இந்தச் சூழலில்தான் பேனாவை எடுத்தார். 1976, 1977, 1980 ஆகிய வருடங்களில் மூன்று புத்தகங்கள் வந்தன. முதலாவது, 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பூசைக்கு என்ன நேர்ந்தது என்பது. இரண்டாவது, வத்திக்கான் சங்கம். மூன்றாவது, ஆறாம் பவுலின் புதிய பூசை. மூன்றும் ஒரே வாதத்தின் மூன்று பாகங்கள்: ஜனங்களின் நம்பிக்கையை மாற்ற வேண்டுமானால் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்ப்பதையும் வாயால் சொல்வதையும் மாற்றினால் போதும், நம்பிக்கை தானே மாறிவிடும். இங்கிலாந்தில் பேராயர் தாமஸ் கிரான்மர் செய்தது அதைத்தான் என்கிறார் டேவிஸ்.

அந்தப் பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் ஹென்றி இறந்தபின் பட்டத்துக்கு வந்த ஆறாம் எட்வர்டு சிறுபிள்ளை. ஆட்சி பெரியவர்கள் கையில். லத்தீன் பூசையை நிறுத்திவிட்டு, கிரான்மர் தயாரித்த ஆங்கிலச் செபப் புத்தகத்தை எல்லாக் கோயிலிலும் வாசிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. 1549 ஜூன் 9, பெந்தகோஸ்தே ஞாயிறன்று புதிய முறை தொடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை, டெவன் பகுதியில் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்ற கிராமத்து ஜனங்கள் தங்கள் குருவானவரை மறித்து, பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு பழைய பூசையைச் செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார். அது கலகமாகப் பரவியது. பக்கத்துக் கார்ன்வால்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எக்ஸிட்டர் நகரத்தை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள்.

கார்ன்வால்காரர்கள் சொன்ன ஒரு காரணம் நாம் கவனிக்க வேண்டியது. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது, ஆகவே இந்தப் புது ஆங்கிலத்தை ஏற்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் பேசியது கார்னிஷ் மொழி. அதற்குக் கிரான்மர், உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களைவிட லத்தீன் தெரிந்தவர்கள் அதிகமோ என்று கேட்டு எழுதினார். சாமர்த்தியமான பதில்தான். கார்னிஷில் ஒரு புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. தாய்மொழி வழிபாடு என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம். யாருடைய தாய்மொழி என்று அந்த ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மொழி வீடுகளில் பேசுவாரின்றிப் போயிற்று.

கலகத்தை அடக்க அரசாங்கம் ஜெர்மானிய, இத்தாலியக் கூலிப்படைகளைக்கூடக் கொண்டுவந்தது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். எக்ஸிட்டருக்கு வெளியே இருந்த புனித தோமா கோயிலின் குருவானவர் ராபர்ட் வெல்ஷ் கலகக்காரர்களோடு இருந்தவர். அவரைப் பூசை உடுப்போடு, செபமாலையும் தீர்த்தச் செம்பும் உடம்பில் கட்டி, அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள்.

டேவிஸ் எழுத்தின் பலம் இந்த மாதிரி இடங்களில் தெரியும். அதிகாரத்தில் இருந்தவர்கள் போட்ட சட்டத்தை மட்டும் பார்க்காமல், அந்தச் சட்டம் போய் விழுந்த கிராமத்தைப் பார்க்கச் சொல்கிறார். நான் கல்லூரியில் படித்த இங்கிலாந்து சரித்திரத்தில், ஜனங்கள் சீர்திருத்தத்துக்காகக் காத்திருந்தார்கள், வந்ததும் ஏற்றுக்கொண்டார்கள் என்றே இருந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஈமன் டஃபி 1992-லும் 2001-லும் எழுதிய இரண்டு பெரிய புத்தகங்கள் அந்தப் பாடத்தை மாற்றின. இரண்டாவது புத்தகம், டெவனில் மோர்பாத் என்ற, முப்பது சொச்சம் குடும்பங்களே இருந்த ஊரின் கோயில் கணக்குப் புத்தகத்தை வைத்து எழுதியது. அந்த ஊர்க் குருவானவர் கிறிஸ்டஃபர் டிரிக்கே 1520 முதல் 1574 வரை அங்கேயே இருந்தார். துக்கப் பூசைக்கு ஒரு கறுப்பு உடுப்பு வாங்க இருபது வருடம் காசு சேர்த்தார். வாங்கியது 1547-ல். அடுத்த இரண்டே வருடத்தில் அந்தப் பூசையே போய்விட்டது. 1549 கலகத்துக்கு அந்த ஊர் ஐந்து வாலிபர்களைச் செலவு கொடுத்து அனுப்பியதையும் டஃபி கணக்கிலிருந்து எடுத்துக் காட்டினார். டஃபி மூல ஆவணங்களில் இறங்கித் தேடியவர். டேவிஸ் பெரும்பாலும் அச்சில் வந்த புத்தகங்களைப் படித்துத் தொகுத்தவர். ஆனாலும் மூழ்கிப்போன அந்தக் கிராமத்துக் குரலை, டஃபிக்குப் பல வருடம் முன்பே, சாதாரண வாசகருக்குக் கேட்கச் செய்தவர் இந்த ஆசிரியர்.

அவருடைய பலவீனம் எங்கே என்றால், 1549-ஐயும் 1969-ஐயும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடும் இடத்தில். அங்கே லத்தீன் போயிற்று, இங்கேயும் போயிற்று. அங்கே கல்பீடத்துக்குப் பதில் மேசை வந்தது, இங்கேயும் வந்தது. இப்படி அடுக்கிக்கொண்டே போவார். அடுக்கும்போது படிப்பவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிரான்மர் பூசை ஒரு பலி என்பதையே மறுத்தவர். 1969-ல் மாற்றியவர்கள் அதை மறுக்கவில்லை. புதிய பூசையும் செல்லுபடியாகும் பூசைதான் என்று டேவிஸே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் வெளியே தெரியும் ஒற்றுமையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? இந்தக் கேள்விக்கு அவர் புத்தகங்களில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மாற்றத்தால் காயப்பட்டவர்கள் அவர் புத்தகங்களில் நிறைய இருக்கிறார்கள். சந்தோஷப்பட்டவர்களைக் காணவில்லை. என் தாத்தா அந்தப் பக்கங்களில் இருக்கிறார். என் பாட்டி இல்லை.

இவ்வளவு சொல்லியும் இவரை நான் ஏன் மதிக்கிறேன்? அதற்கு 1988-க்கு வரவேண்டும்.

பழைய பூசைக்காகப் போராடியவர்களில் பெரிய பெயர் பிரெஞ்சுப் பேராயர் மார்செல் லெஃபெவ்ர். ஆப்பிரிக்காவில் பல வருடம் மிஷனரியாகப் பாடுபட்டு, டக்கார் நகரப் பேராயராக இருந்தவர். 1970-ல் புனித பத்தாம் பயஸ் குருக்கள் சபையைத் தொடங்கி, சுவிட்சர்லாந்தில் எக்கோன் என்ற இடத்தில் குருமடம் நடத்தினார். 1976-ல் ரோமாபுரியின் தடையை மீறிக் குருப்பட்டம் கொடுத்ததால், குருத்துவக் காரியம் எதையும் செய்யக்கூடாதென்று தண்டனை பெற்றார். பத்திரிகைகள் அவரைக் கலகக்காரர் என்று எழுதியபோது டேவிஸ் அவர் பக்கம் நின்றார். கடிதங்களையும் பிரசங்கங்களையும் ரோமாபுரியின் உத்தரவுகளையும் தேதிவாரியாக அடுக்கி, 'அப்பொலோஜியா ப்ரோ மார்செல் லெஃபெவ்ர்' என்று பெரிய பெரிய பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் 1979-ல் வந்தது. பேராயரை எதிர்ப்பவர்கள்கூட ஆவணம் தேவைப்பட்டால் அதைப் புரட்டலாம்; எதிர்த்தரப்பின் கடிதங்களையும் முழுசாகப் போட்டிருக்கிறார்.

1988 ஜூன் 30 அன்று, இரண்டாம் ஜான் பால் பாப்பரசரின் விருப்பத்துக்கு மாறாக, லெஃபெவ்ர் நான்கு குருக்களுக்கு ஆயர் பட்டம் கொடுத்தார். ரோமாபுரி அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. பத்து வருடத்துக்கு மேல் அவருக்காக வாதாடியவர் டேவிஸ். அவர் புத்தகங்களை வாங்கிப் படித்தவர்களில் பேராயரின் ஆட்கள் ஏராளம். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இந்தக் காரியத்தில் பேராயரோடு நான் உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பேராயரைத் திட்டவில்லை, முன்பு எழுதியதைத் திரும்பப் பெறவும் இல்லை. அவர் நல்லவர் என்று எழுதியது உண்மை, இது சரியில்லை என்பதும் உண்மை. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டார். அதேபோல, இன்றைய ரோமாபுரியில் இருப்பது உண்மையான பாப்பரசரே அல்ல என்று கிளம்பிய தீவிரக்காரர்களையும், அவர்களும் பழைய பூசைக்காரர்களே என்று பார்க்காமல், எதிர்த்து எழுதினார்.

இதே குணத்தை 1549 கதையிலும் ஓர் இடத்தில் பார்க்கலாம். கோபுரத்தில் தொங்கவிட்ட குருவானவர் வெல்ஷைப் பற்றி நமக்குச் சொல்பவர் ஜான் ஹுக்கர். எக்ஸிட்டர்காரர், முற்றுகையின்போது நகரத்துக்குள் இருந்தவர், சீர்திருத்தக் கட்சி. அவருக்கு வெல்ஷ் எதிரி. இருந்தும் ஒன்றை எழுதிவைத்தார். பழுக்கக் காய்ச்சிய குண்டுகளைச் சுட்டு ஊரையே கொளுத்திவிடலாம் என்று கலகக்காரர்கள் பக்கம் யோசனை வந்தபோது, அது எல்லாருக்கும் நாசம், யாருக்கும் நன்மையில்லை என்று தடுத்தவர் இந்த வெல்ஷ்தான் என்பதை. ஹுக்கர் அதை எழுதாமல் விட்டிருந்தால் கேட்க ஆள் கிடையாது. செத்தவனின் நல்ல குணத்தை எதிரி எழுதினதால்தான் நானூற்றைம்பது வருடம் கழித்து நமக்குத் தெரிகிறது.

டேவிஸ் 1990களில் 'ஊனா வோச்சே' என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவராக இருந்து, பழைய பூசைக்கு அனுமதி கேட்டு ரோமாபுரிக்கு நடையாய் நடந்தார். கர்தினால் ராட்சிங்கரைப் பலமுறை சந்தித்தார். 2004 செப்டம்பர் 25-ல் இறந்தார். அவரைப் புகழ்ந்து ராட்சிங்கர் இரங்கல் எழுதினார். அடுத்த வருடம் ராட்சிங்கரே பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் ஆனார். 2007-ல், பழைய பூசை சட்டப்படி ஒருபோதும் நீக்கப்படவில்லை, எந்தக் குருவும் செய்யலாம் என்று ஆணை வெளியிட்டார். டேவிஸ் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். பார்க்க அவர் இல்லை. 2021-ல் பிரான்சிஸ் பாப்பரசர் அந்த அனுமதியை மறுபடி சுருக்கிவிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணை வழக்கு ரோமாபுரியிலும் தீரவில்லை.

இனி நான் சொல்வதாகச் சொன்ன காரணம்.

தொண்ணூறுகளில் எங்கள் கோயிலுக்கு நூறு வருடம் நிறைந்தது. மலர் போட்டார்கள். சரித்திர வாத்தியார் என்று கோயில் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். அறுபது பக்கம் எழுதினேன். கட்டிய பிரெஞ்சுச் சாமியார், மணி வந்த கதை, தேர், புயலில் கூரை போனது எல்லாம் எழுதினேன். நான் சிறுவனாக இருந்தபோது கோயிலுக்குள் குறுக்கே ஒரு மரக்கிராதி இருந்ததையும் எழுதினேன். ஒரு சாதிக்காரர்கள் கிராதிக்கு இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். நற்கருணை வாங்குவதும் இவர்கள் வாங்கிய பிறகுதான் அவர்கள். மலர்க் குழுவில் இருந்தவர்கள் படித்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா பழைய புண்ணை எதுக்கு சார் கிளறணும், எடுத்துடுங்க" என்றார்கள். ஒன்றரைப் பக்கம்தான். எடுத்துவிட்டேன். நான் பிறந்தது கிராதிக்கு இந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலர் வெளியான மறுவாரம், கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தெருவில் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். "சார், மலரு முச்சூடும் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. நாங்க நின்ன இடத்தை மட்டும் காணலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்" என்று ஏதோ உளறினேன். ஊர்க் கோயில் மலருக்கு ஏது அடுத்த பதிப்பு.

டேவிஸ் புத்தகங்களில் என் பாட்டி இல்லையே என்று குறை கண்டுபிடித்தபோது அந்தப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். டேவிஸ் தன் கட்சிக்காக வழக்காடியவர். ஆனால் தன் கட்சி தப்பு செய்த நாளில் அதை எழுதினார். எனக்குக் கட்சி எதுவும் இல்லை, நடுநிலைச் சரித்திர வாத்தியார் என்ற பெயர் உண்டு. நான் எழுதவில்லை.

மரக்கிராதி இப்போது இல்லை. கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர் இருக்கிறது. மணி அடித்த பெரியவர் அதற்கு அந்தப் பக்கம் அடக்கமாகியிருக்கிறார். அன்று எடுத்துப்போட்ட ஒன்றரைப் பக்கத்தின் கைப்பிரதி என் பெட்டியில் கிடைத்துவிட்டது. அடுத்த பதிவாக அதை அப்படியே போடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள், எந்தப் பக்கம் நின்றவர்களானாலும், உங்கள் நினைவில் இருப்பதையும் எழுதி அனுப்புங்கள். சேர்த்துக்கொள்கிறேன்.